கையுறை ஒரு ஜோடி

அந்த அக்காவின் கட்டை விரலை எந்த மெஷினும் ஒப்புக்கொண்டதில்லை.

கிளினிக், அடையாள அட்டை அலுவலகம், கைபேசிக் கடை. எங்கே போனாலும் அட்டையைச் செருகி விரலை வைக்கச் சொல்வார்கள். அக்கா வைப்பார். சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு வையுங்கள் என்பார்கள். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைப்பார். மறுபடியும் சிவப்பு. அடுத்த விரல். அதுவும் சிவப்பு. பத்து விரலும் முடிந்த பிறகு கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்ப்பாள்.

"ஆன்டி, ஒங்களுக்கு ரேகையே இல்லையே."

"இருந்துச்சு" என்பார் அக்கா.

பெரிய அதிகாரி வந்து ஏதோ கையெழுத்துப் போட்டு அனுப்பி வைப்பார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் நான்காம் மாடி. எதிரெதிர் வீடு. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மதியம் வரை வேலை இல்லை. அந்த நேரத்தில் அக்காவை இந்த மாதிரி இடங்களுக்குக் கூட்டிப் போவேன். பதினோரு வருடப் பழக்கம். அக்கா எஸ்டேட்டில் வேலை செய்த காலத்திலேயே அவர் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், ரவாங்கில் கட்டிக் கொடுத்தது. போன வருடம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா எதையும் மறக்கமாட்டார். சண்டை போடமாட்டார். கத்தமாட்டார். சாபம் விடமாட்டார். வைத்துக்கொள்வார்.

பாசாரில் ஒரு மீன்காரன் இருந்தான். தைப்பூசம் முடிந்த வாரம் அக்கா அவனிடம் கெம்போங் மீன் வாங்கினார். மேலே நல்ல மீன். அடியில் நான்கு மீன் நாறிப் போனது. வேறு யாராக இருந்தாலும் கொண்டுபோய் அவன் முகத்தில் வீசியிருப்பார்கள். அக்கா அந்த நான்கையும் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தார்.

தீபாவளிக்கு மீன்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கள் மாடிக்கு வந்தான். வீட்டுக்கு வீடு எல்லாரும் போவதுதானே. அக்கா ஆட்டுக்கறி போட்டார். முறுக்கு வைத்தார். கிளம்பும்போது ஒரு பையைக் கொடுத்தார்.

"தம்பி, ஒனக்குன்னு புங்குஸ் கட்டி வச்சிருக்கேன். வீட்டுல போயி பிரி."

அடுத்த வாரம் நானும் பாசாருக்குப் போயிருந்தேன். மீன்காரன் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அது என்கிட்ட வாங்குன மீனா?"

"ஒன்னோடதுதான். நாலு. நாலும் இருந்துச்சுல்ல?"

மாடியில் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் யோசித்தேன். ஒன்பது மாதம். ஐஸ் பெட்டியைத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பையைப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கையால் சாப்பிடமாட்டார். வீட்டிலும் கரண்டிதான். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுக்கப் போய், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அக்கா கரண்டி கேட்டார். பரிமாறுகிற பையன், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன், கரண்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா லண்டன்ல இருந்து வர்றீங்களா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அக்கா சாப்பிட்டு எழுந்தார்.

ஒன்றரை வருடம் கழித்து அதே கடை. மூன்று மணி இருக்கும். பையன் சமையலறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய் கொட்டி வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் கரண்டி. அக்கா அவன் முன்னால் போய் நின்றார்.

"லண்டன் போயிட்டு வந்தியாப்பா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலையைக் குனிந்துகொண்டான். அக்கா கைப்பையிலிருந்து மஞ்சள் களிம்பு டப்பாவை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நகம் விழாமப் பாத்துக்க" என்றார். வந்துவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "இதுக்காகவா அக்கா திரும்ப வந்தீங்க?"

"சேலை எடுக்க வந்தேன். இது அதுவா வந்துச்சு."

இதுதான் அவர் வழக்கமாகச் சொல்வது. அதுவா வரும். தேடிப் போகமாட்டார். வந்தால் விடமாட்டார்.

நல்லதையும் அப்படித்தான் வைத்திருந்தார். லிப்ட் கெட்டுப்போன ஒரு நாள் அவருடைய கேஸ் தோம்பை நான்கு மாடி தூக்கி வந்து கொடுத்தேன். நான் அதை மறந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து என் மனைவிக்கு ஆபரேஷன். அக்கா ஒருநாள் விடாமல் சோறு கொண்டுவந்தார். ஐந்தாம் நாள், "போதும் அக்கா, சிரமம்" என்றேன். "கேஸ் தோம்பு லேசா இருந்துச்சா ஒனக்கு?" என்றார்.

விரல் கதையை ஒரே ஒரு முறை சொன்னார். அன்றும் லிப்ட் இல்லை. மூச்சு வாங்க இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தோம்.

பந்திங் பக்கம் ஒரு எஸ்டேட். அக்காவுக்குக் களைக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் பம்பு. பம்பு ஒழுகும். மருந்து முதுகிலும் வழியும், கையிலும் வழியும். வெறும் கை. பெண்கள் எல்லாரும் கையுறை கேட்டார்கள். கிராணியிடம்தான் கேட்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பிள்ளை, துரைக்கு அடுத்த ஆள். எழுதுவது எல்லாம் அவர் கைதான்.

கிராணி ஒருநாள் காலை பெரட்டில், ஆள் எண்ணுகிற நேரத்தில், எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஆளுக்கு ஒரு தாள். மைப் பெட்டி. கட்டை விரலை வைக்கச் சொன்னார்.

அக்கா கேட்டாராம். "இது என்னாங்க கிராணியாரே?"

"சும்மா வை. வேலைக்கு நேரமாச்சு."

வைத்தார்.

கையுறை வரவில்லை. எட்டு மாதத்தில் நகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. தோல் வெந்து உரிந்து, திரும்ப வந்து, மறுபடியும் உரிந்தது. சோற்றைப் பிசைய முடியாது. உப்புப் பட்டால் உயிர் போகும். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு வருடம் அவளுக்குத் தலை பின்னி விட்டது பக்கத்து வீட்டுக்காரி.

யூனியன்காரர் வந்தார். ஆபீசுக்குப் போனார். கையில் அந்தத் தாளோடு வெளியே வந்தார். மலாயில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினார். கையுறை ஒரு ஜோடி, முகமூடி ஒன்று பெற்றுக்கொண்டேன். கீழே அக்காவின் ரேகை.

"அந்தத் தாளுல பாத்ததுதான். அப்பறம் என் ரேகைய நான் பாக்கல" என்றார் அக்கா.

பிறகு என் இடது கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஒரு கறுப்புத் தழும்பு.

"இது என்னா?"

பஸ்ஸுக்கு முன்னால் நான் பாலாக் லோரி ஓட்டினேன். காட்டிலிருந்து மரம் ஏற்றி வருகிற லோரி. ரெங்காஸ் என்று ஒரு மரம். அதன் பால் பட்டால் கறுத்து, கொப்புளம் கண்டு, உடம்பே வீங்கிவிடும். பால் கையில் இருக்கும்போது முகத்தைத் தொட்டால் கண் திறக்காது. இதைச் சொன்னேன்.

"பாத்தா எப்பிடி இருக்கும் அந்த மரம்?"

"இலை மாவிலை மாதிரியே. வித்தியாசம் தெரியாது. தண்டுல வெட்டுப்பட்ட எடத்துல தார் ஊத்துன மாதிரி கறுப்பா வடிஞ்சிருக்கும்."

"எத்தன நாளு இருந்துச்சு?"

"பத்து நாளு. அப்பறம் உரிஞ்சு போச்சு."

"தோலு திரும்ப வந்துச்சா?"

"வந்துருச்சு அக்கா."

"சரி" என்றார். எழுந்து படி ஏறினார்.

சில வருடம் கழித்து எங்கள் அடுக்குமாடிக் கோயிலுக்குப் புதுத் தலைவர் வந்தார். பென்ஷன் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வீடு வாங்கியவர். வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனா. நன்றாகப் பேசுவார். முதல் நாள் பேசும்போது அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்த ஆளுதான்" என்றார்.

"எந்த ஆளு?"

கட்டை விரலைக் காட்டினார்.

"போயிக் கேப்போம் அக்கா. நான் வரேன்."

"கேட்டா என்ன சொல்வாரு. பேப்பர்ல இருக்கும்பாரு."

"அப்ப?"

"அதுவா வரும்."

நான்கு வருடம் அக்கா அந்த ஆள் கையால் விபூதி வாங்கினார். கிராணி அவரை ஒருநாளும் அடையாளம் காணவில்லை. "ஏம்மா, அந்தக் கொடத்தை எடு" என்பார். அக்கா எடுத்துக் கொடுப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்தான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பிறகு அந்தப் பூங்காப் பயணம் வந்தது.

கோயில் சார்பில் வயசானவர்களுக்கு ஒருநாள் உலா. பெரிய தாவரப் பூங்கா. காடு மாதிரி இருக்கும், ஒரு நாளில் நடந்து முடியாது. சனிக்கிழமை. என் பஸ்தான். நாற்பது பேர், முக்கால்வாசி எஸ்டேட்டை விட்டு வந்த பெண்கள். கிராணி முன் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்தார்.

"டிக்கெட்டு எடுத்து மரத்தப் பாக்கணுமா?" என்று பின்னால் ஒரு ஆன்டி கேட்டார். "நாப்பது வருசம் சும்மாத்தானே பாத்தோம்."

"இங்க மரத்துக்கெல்லாம் பேரு போட்ருக்காங்களாம்டி."

"பரவால்லயே. அங்க நமக்கே நம்பர்தான்."

பஸ் சிரித்தது. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பையில் குடை, தண்ணீர் போத்தல், சாப்பாட்டுக் கரண்டி.

பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் பலகை இருந்தது. கிராணி ஒரு பலகையையும் விடவில்லை. நின்று, கண்ணாடியை மாற்றி, உரக்கப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். பெண்கள் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள். ரப்பர் மரம் வந்தது. அதன் பலகையையும் படித்தார்.

"இதோட பூர்வீகம் தென் அமெரிக்கா. தெரியுமா ஒங்களுக்கு?"

"நாங்க அத்தோட குடும்பமே நடத்துனோம்லா தலைவரே" என்றார் அந்த ஆன்டி. "ஊரு மட்டும் கேக்கல."

கிராணியும் சிரித்தார். அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

குளத்தோரம் புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிடும்போது கிராணிக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் கோயிலில் விளக்குப் பூசை. கும்பத்துக்கு மாவிலை வேண்டும். பூக்கடைக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

"இவ்வளவு மரம் இருக்கு, ஒரு மாமரம் இல்லாமலா போகும்?"

"பறிக்கக்கூடாதுன்னு வாசல்லயே போட்ருக்கு தலைவரே."

"சாமி காரியம்மா. ஒரு சின்னக் கொத்து."

எஸ்டேட்டில் வேலை செய்தவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். கிராணி யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை. எஸ்டேட்டில் முப்பது வருடம் இருந்தாலும் ஒரு மரத்தைத் தொட்டதில்லை. மரம் அவருக்குத் தாளில்தான் வரும்.

சாப்பிட்ட பிறகு நடந்தோம். அக்காவும் நானும் இரண்டு பெண்களும் முன்னால். கிராணி கைபேசியில் பேசிக்கொண்டு பின்னால் வந்தார். மற்றவர்கள் குளத்தோரமே உட்கார்ந்துவிட்டார்கள்.

பாதை திரும்புகிற இடத்தில் அக்கா நின்றார்.

இளமரம். கிளை கைக்கு எட்டும் உயரம். மாவிலை மாதிரி இலை. தண்டில் கிளை கழித்த இடத்திலிருந்து கறுப்பாகக் கோடு கோடாக வடிந்து காய்ந்திருந்தது. முன்னால் முட்டி உயரத்தில் ஒரு பலகை. பெயரும், கீழே சிவப்பில் தொடாதீர்கள் என்றும், கையைக் குறுக்கே அடித்த படமும்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மரத்தைப் பார்த்தார். என் இடது கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அதை ஒளிக்க மாட்டேன். ஆட்டினேன்.

அக்கா அந்த இரண்டு பெண்களிடம் சொன்னார். "நீங்க முன்னால போங்க பொண்டுகளா. அந்தப் பக்கம் பெஞ்சு கெடக்கு." அவர்கள் போனார்கள். அக்கா பையிலிருந்து குடையை எடுத்தார். மழை இல்லை. மரங்களுக்கு அடியில் வெயிலும் இல்லை. குடையை விரித்து, பக்கவாட்டில் இறக்கிப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

கிராணி பேசி முடித்துக் கைபேசியைப் பையில் போட்டபடி வந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அட, நான் சொல்லல? இது மாமரம்தானே?"

"நான் என்னத்தக் கண்டேன் கிராணியாரே. நீங்கதான் படிச்சவங்க."

கிராணி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"கிராணின்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. நீ எந்த எஸ்டேட்டும்மா?"

"பந்திங் பக்கம். மருந்து அடிச்சேன்."

"அட, நானும் அங்கதான் இருந்தேன்."

"தெரியும். நான் மூணாம் டிவிஷன். கையுறை கேட்டு ஆபீசுக்கு வந்தோமே. ஞாபகம் இருக்கா?"

அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் குடைப்பிடியில் அவர் விரல் இறுகியிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராணி சிரித்தார். "எத்தனையோ பேரு வருவீங்க, எதையாச்சும் கேப்பீங்க. யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்."

"அதுஞ் சரிதான்" என்றார் அக்கா.

கிராணி கையை உயர்த்திக் கொத்தை ஒடித்தார். சிறு கிளை, பச்சை. வளைத்து முறுக்கி இரண்டு கையாலும் திருகினார். பால் விரலில் வழிந்தது. இன்னொன்று ஒடித்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். அதே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வாயில்தான் இருந்தது.

"நான் தூக்கிட்டு வரவா?" என்று பெஞ்சிலிருந்து திரும்பி வந்த ஒரு ஆன்டி கேட்டார்.

அக்கா குறுக்கே கையை நீட்டினார். "வேணாம். சாமிக்குப் போறது. பறிச்சவரு கையிலயே இருக்கட்டும்."

கிராணிக்கு அது பிடித்திருந்தது. கொத்தை ஒரு பையில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். மைக்கில் இரண்டு பக்திப் பாட்டு வேறு.

கிள்ளானுக்குள் நுழைந்ததும் அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்தார். "பூக்கடைக்கிட்ட அஞ்சு நிமிசம் நிறுத்து." இறங்கினார். மாவிலை வாங்கி வந்தார். கோயில் வாசலில் கிராணியிடம், "குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்றார். பையின் காதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். நேராகக் குப்பைத் தொட்டி. மறுநாள் கும்பத்தில் நல்ல மாவிலை இருந்தது. தலைவர்தான் வரவில்லை.

காலையில் நான் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் போட்டு முன் சீட்டைத் துடைத்தேன். மைக்கையும் துடைத்தேன். அக்கா கீழே இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு ஞாபகம் இருக்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கொடைய மடக்கியிருப்பேன்."

என் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்க கெடைக்கும்?"

கிராணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முகம் பூசணி மாதிரி வீங்கிவிட்டதாம், கை இரண்டும் கொப்புளமாம். என்ன பட்டது என்று டாக்டர் கேட்டதற்கு மாவிலை என்று சொல்லியிருக்கிறார். மாடியில் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கிராணிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"ஒனக்கு ஆச்சா?" என்றார்.

ஆறாம் நாள், "பாத்துட்டு வருவோம் வா" என்றார். வழியில் இரும்புச் சாமான் கடையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினார். புத்தகக் கடையில் ஒரு தாள், ஒரு மைப் பெட்டி. தாளை என்னிடம் நீட்டினார்.

"நீ ஆறாவது வரைக்கும் படிச்சவன். எழுது."

என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஸ்டியரிங் மேல் வைத்து எழுதினேன். கையுறை ஒரு ஜோடி பெற்றுக்கொண்டேன்.

கிராணியின் மனைவி சாப்பிடக் கீழே போயிருந்தார். கட்டிலில் அவர் மட்டும். வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் கண் கோடு போலத்தான் திறந்திருந்தது. மருந்து பூசிப் பளபளத்தது முகம். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் அங்கங்கே கட்டு. கட்டை விரல் தப்பியிருந்தது.

"யாரு?"

"கோயில்லேர்ந்து வந்திருக்கோம்" என்றார் அக்கா. கையுறையை அவர் வயிற்றின் மேல் வைத்தார். தாளைப் பக்கத்து மேசையில் வைத்தார். மைப் பெட்டியைத் திறந்து என்னிடம் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கைநாட்டு வைக்கணும்."

"என்ன பேப்பரு? எனக்குக் கண்ணு தெரியல. படிச்சுக் காட்டு."

"எனக்குப் படிக்கத் தெரியாதே. சும்மா வைங்க. நேரமாச்சு."

கிராணி இடது கையால் வயிற்றின் மேல் இருந்ததைத் தடவிப் பார்த்தார். ரப்பர் என்று தெரிந்திருக்கும். ஐந்து விரல் இருப்பதும் தெரிந்திருக்கும்.

"மருந்து பம்பு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீங்கள்லாம் வரிசையா நின்னீங்க."

"ஆமா கிராணியாரே."

"தொரை சொன்னாரு. நான் என்ன பண்ண முடியும்?"

"தெரியும். வைங்க."

கிராணி கேட்டார். "அன்னிக்கு நீ அங்கதானே நின்ன. கொடை புடிச்சுக்கிட்டு."

"நின்னேன்."

"அது மாவிலை இல்லேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

நான் வாசலைப் பார்த்தேன். நர்ஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. இடது கையை மெதுவாக நீட்டினார். அக்கா அந்தக் கட்டை விரலைப் பிடித்து, மையில் தொட்டு, தாளில் வைத்து உருட்டினார். பழக்கப்பட்ட கை மாதிரி இருந்தது. பிறகு சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துவிட்டார். கையுறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் உட்கார்ந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பத்து நாளுல தோலு வந்துரும்னு சொன்னல்ல?"

"வந்துரும் அக்கா."

"ம்" என்றார். தன் கட்டை விரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் போட்டார். "வண்டிய எடு" என்றார்.

கிராணி தேறி வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலைவர் பதவியை விட்டுவிட்டார். இன்றும் கோயிலுக்கு வருகிறார். அக்கா இருந்தவரை, அவரை எதிரே கண்டால் கிராணி இரண்டு கையையும் சிலுவார்க் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். அதைப் பார்க்கவே நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன்.

அக்காவின் காரியம் முடிந்து ரவாங்கிலிருந்து வந்த மகள் வீட்டை ஒழித்தாள். அம்மன் படத்துக்குப் பின்னால் கிராணி ரேகை வைத்த அந்தத் தாள் இருந்தது. கொண்டுவந்து என்னிடம் காட்டினாள்.

"அங்கிள், இது யாரு ரேகை?"

"ஒங்கம்மாவோடது."

"அம்மாவுக்குத்தான் ரேகையே இல்லையே."

"இருந்துச்சு" என்றேன்.